சங்கீத வகுப்புக்குள் ஒரு போன்: எதற்கு, எப்படி?

"சேர், சங்கீதம் படிப்பிக்க நல்ல ஆப் ஒன்று இருந்தால் சொல்லுங்களேன்." புதிதாக நியமனம் பெற்று மலையகப் பாடசாலைகளுக்கு வருகிற ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பெயர் சொல்வது பெரிய வேலையில்லை, ஒரே மூச்சில் பத்துப் பெயர் சொல்லலாம். ஆனால் உங்கள் வகுப்பில் எது சரிவரவில்லை என்று தெரியாமல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வது? பிள்ளைகள் சுருதியில் நிற்கவில்லையா, தாளம் ஓடுகிறதா, சுரம் மனப்பாடமாகியும் ராகம் காதில் ஏறவில்லையா, வீட்டுக்குப் போனால் பாடிப் பழக வழியில்லையா? ஒவ்வொன்றுக்கும் உதவுகிற கருவி வேறு. சிலவற்றுக்கு இணையமே வேண்டாம்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளைப் பக்கத்துப் பாடசாலைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதாவது வகுப்பில் இருப்பது பெரும்பாலும் ஆசிரியரின் போன் ஒன்று, முடிந்தால் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். வாசலில் நின்றால் சிக்னல் இரண்டு கோடு காட்டும், உள்ளே வந்தால் அதுவும் போய்விடும். பழைய தோட்டப் பாடசாலை என்றால் ஒரே மண்டபத்தை அரைச்சுவர் வைத்துப் பிரித்திருப்பார்கள். நீங்கள் சரளி வரிசை (ஆரம்பச் சுரப் பயிற்சி) தொடங்கினால் பக்கத்தில் கணிதம் படிப்பிக்கிறவர் எட்டிப் பார்ப்பார். ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு ஹெட்போன் என்று வைத்து எழுதப்பட்ட ஆலோசனைகள் இங்கே முதல் நாளே கைவிட்டுப் போகும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருவி இருப்பதால் பிள்ளை கூடுதலாகக் கேட்கிறதா, கூடுதலாகப் பாடுகிறதா என்று மட்டும் பாருங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி இருக்கிறதென்றால், எவ்வளவு அழகான ஆப் ஆனாலும் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுருதி

இதில் இருந்து தொடங்குங்கள், செலவும் இல்லை. தம்புரா, சுருதிப்பெட்டி என்று பிளே ஸ்டோரில் தேடினால் இலவசமாகவே நிறைய ஆப் வரும். வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிவிட்டால் பெரும்பாலானவை அதற்குப் பிறகு இணையம் இல்லாமலே ஓடும். சிலவற்றில் சுருதியின் உயரத்தைச் சொல்கிற கட்டை எண்ணுக்குப் பதிலாக மேற்கத்தைய எழுத்துகள் இருக்கும். குழம்ப வேண்டாம்: ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இடையில் வருகிற கறுப்புக் கட்டைகள்தான் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஹார்மோனியத்தில் கை வைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

சுருதியை ஆசிரியர் தன் குரலுக்கு வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பாடச் சொல்வதுதான் பல வகுப்புகளில் நடக்கிறது. அதற்கு எட்டாத பிள்ளை முணுமுணுக்கும், அல்லது கத்தும். ஆப் கையில் இருந்தால் அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். கீழ்ச் சட்ஜம் (ஸ) காணாமல் போகாமலும், மேல் சட்ஜம் கழுத்து நரம்பு புடைக்காமலும் வருகிற இடம் எதுவோ அதுதான் அந்த வகுப்புக்கான சுருதி. தரம் 8, 9 வந்ததும் ஆண்பிள்ளைகள் சிலருக்கு மகரக்கட்டு விழும், அதாவது குரல் உடையும். அவர்களைப் பழைய சுருதியிலேயே இழுத்துக்கொண்டு போனால், "எனக்குப் பாட்டு வராது" என்று பின் வாங்கில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேறு கட்டை வைத்து இரண்டு குழுவாகப் பாடவைப்பது போனில் ஒரு தட்டு வேலை.

டியூனர் என்று இன்னொரு வகை ஆப் உண்டு. பாடினால் முள் அசைந்து, நீங்கள் இருக்கிற சுரத்தையும் அதில் கூடவா குறையவா என்பதையும் காட்டும். நீட்டிப் பிடிக்கிற ஸா, பா இரண்டுக்கும் இதை வைத்து ஒரு விளையாட்டே நடத்தலாம்: யார் பத்து விநாடி முள்ளை நடுவில் நிறுத்துகிறார்கள்? அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கமகத்தோடு பாடினால் முள் பேய் பிடித்தது மாதிரி ஆடும், அது பிள்ளையின் பிழை இல்லை. கமகம் என்றாலே சுரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவது, டியூனரோ ஓரிடத்தில் நிற்கிற சுரத்தை அளக்கச் செய்யப்பட்டது.

ஒலிப்பதிவு

எல்லாக் கருவிகளிலும் எதை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் நான் போனோடு வருகிற ரெக்கோடரைத்தான் சொல்வேன். பாடும்போது நம் குரல் நமக்கு உள்ளே எலும்பு வழியாகவும் கேட்கிறது, அதனால்தான் பதிவில் கேட்கும் குரல் "இது என் குரலே இல்லை" என்று இருக்கும். பிள்ளைகள் முதல் தடவை கேட்டுச் சிரிப்பார்கள், சிலர் முகத்தை மூடிக்கொள்வார்கள். சிரித்து முடிக்கட்டும்.

ஒரு வரி மட்டும், இருபது விநாடிக்கு மேல் வேண்டாம். பாடச் சொல்லிப் பதிவு செய்து உடனே போட்டுக் காட்டுங்கள், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். "என்ன கேட்டது?" என்று மட்டும் கேளுங்கள். "கடைசியில் வேகமாகப் போயிட்டோம் டீச்சர்" என்று அவர்களே சொல்வார்கள். தாளம் ஓடுகிறது என்று நீங்கள் ஒரு தவணை முழுக்கச் சொல்லியும் ஏறாதது, தங்கள் காதால் கேட்டதும் ஏறிவிடும். பிறகு அதே வரியை மறுபடி பாடவைத்துப் பதிவு செய்தால் வித்தியாசம் தெரியும்.

போனை மேசை மேல் வைத்தால் மேசையில் தாளம் போடுகிற சத்தம்தான் பெரிதாக விழும்; ஒரு பிள்ளை கையில் பிடித்திருக்கட்டும், அல்லது மடித்த துணி மேல் வையுங்கள். மழை வந்தால் கதை வேறு. தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிவில் மழை மட்டும்தான் இருக்கும், அன்றைக்குத் தாளம் போட்டுப் பழகுவது நல்லது. பதிவுகளுக்குத் தரம், திகதி, வரிசையின் பெயர் போட்டு வைத்தால் தவணை முடிவில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிற பிள்ளைகளுக்கு இது நல்ல ஒத்திகையும்கூட.

வீட்டுப் பயிற்சிக்கு வட்ஸ்அப் குரல் பதிவு போதும். நீங்கள் ஒரு வரியை இரண்டு முறை பாடி அனுப்புங்கள், முதல் முறை சுரம், இரண்டாம் முறை அகாரம், அதாவது சுரப் பெயர் இல்லாமல் "ஆ" என்று. முழுக் கீர்த்தனையையும் அனுப்பினால் யாரும் பாட மாட்டார்கள், கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். வீட்டில் உள்ள ஒரே போன் அப்பாவோடு கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிற வீடுகள் இங்கே நிறைய, அம்மா மலையிலிருந்து வந்த பிறகுதான் போன் கைக்கு வரும் என்கிற வீடுகளும் உண்டு. அதனால் "இன்றைக்கு இரவு எட்டு மணிக்குள் அனுப்பு" என்றெல்லாம் கெடு வைக்காதீர்கள். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிற பிள்ளைகளை இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்த்துவிட்டால் ஒரு போனில் எல்லாரும் பாடி அனுப்புவார்கள்.

கட்டம் போட்டு ராகம்

இனிக் கொஞ்சம் இணையம் வேண்டிய பகுதி. கூகுள் 2016இல் குரோம் மியூசிக் லேப் என்று ஒரு தளத்தை வெளியிட்டது. இலவசம், கணக்குத் திறக்க வேண்டியதில்லை, போனிலேயே திறக்கும். அதில் பல சின்னச் சின்ன விளையாட்டுகள் இருந்தாலும் நமக்கு அதிகம் உதவுவது சோங் மேக்கர். திறந்தால் சதுரக் கொப்பி மாதிரிக் கட்டங்கள் வரும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும், கீழிருந்து மேலாகச் சுரம் ஏறும். கட்டத்தைத் தொட்டால் நிறம் விழும், சத்தம் வரும். அடியில் தாளத்துக்கென்று தனியாக இரண்டு வரிசை.

இதைத் திறந்தவுடன் அது மேற்கத்தைய மேஜர் அளவில்தான் (ஸ்கேலில்தான்) நிற்கும். சுரத்தானங்களை, அதாவது சுரங்கள் நிற்கிற இடங்களைப் பார்த்தால் அது நம்முடைய சங்கராபரணம், 29ஆம் மேளம் (தாய் ராகம்). செட்டிங்கில் போய் அளவை பென்டடோனிக் என்று மாற்றினால் ஸ ரி க ப த மட்டும் மிஞ்சும், அதாவது மோகனத்தின் சுரங்கள். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அபசுரம் வராது என்பதால் தரம் 6 பிள்ளைகளிடம் முதலில் இதைக் கொடுங்கள், தாங்களாகவே இரண்டு வரி மெட்டுக் கட்டிவிடுவார்கள். அந்த மெட்டை வாயால் பாடிக் காட்டினால்தான் கணக்கு என்று ஒரு நிபந்தனை போடுங்கள், இல்லாவிட்டால் விரல் வேலையோடு நின்றுவிடும்.

மாயாமாளவகௌளைக்கு இந்த இரண்டு அளவும் சரிவராது. குரோமேடிக் என்பதைத் தெரிவு செய்து, ஸ்தாயி இரண்டு வைத்து, தொடக்கத்தை நடு சி என்று விடுங்கள். அடிவரிசையை 1 என்று எண்ணிக்கொண்டு மேலே போனால் ஸ 1, ரி 2, க 5, ம 6, ப 8, த 9, நி 12, மேல் ஸ 13. போட்டு முடித்த பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ-ரி ஒட்டி நிற்கிறது, அப்புறம் ஒரு பெரிய தாவல், க-ம ஒட்டி நிற்கிறது. ப-த ஒட்டி, மறுபடி அதே தாவல், நி-ஸ ஒட்டி. கீழ்ப் பாதியும் மேல் பாதியும் அச்சாக ஒன்றுதான். ஆரம்பப் பயிற்சிக்கு ஏன் இந்த ராகம் என்று பிள்ளைகள் கேட்டால் இந்தப் படத்தைக் காட்டலாம்: கீழ்ப் பாதியைப் பாடத் தெரிந்த பிள்ளைக்கு மேல் பாதியில் புதிதாக ஒன்றுமில்லை. சரளி வரிசையை இந்த ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு.

தாளத்துக்கும் இதே பக்கம் உதவும். ஒரு பாருக்கு 4 அடி என்று வைத்து இரண்டு பார் எடுத்தால் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று. அடியிலுள்ள தாள வரிசையில் 1, 5, 7ஆம் அடிகளில் மட்டும் புள்ளி வையுங்கள், லகுவின் (தட்டும் விரல் எண்ணிக்கையும் கொண்ட பகுதி) தட்டும் இரண்டு திருதங்களின் (தட்டும் வீச்சும் கொண்ட பகுதிகள்) தட்டும் விழும் இடங்கள் அவை. விரல் எண்ணிக்கையையும் வீச்சையும் பிள்ளைகள் கையால் போடட்டும். அப்புறம் ஓர் அடியை எத்தனையாகப் பிரிப்பது என்று செட்டிங்கில் ஓரிடம் இருக்கிறது. அதில் 1 என்றால் முதலாம் காலம் (முதல் வேகம்), 2 என்றால் இரண்டாம் காலம், 4 என்றால் மூன்றாம் காலம். மூன்று காலத்தையும் வாயால் விளக்கும்போது பிள்ளைகள் தாளத்தையும் சேர்த்து வேகமாக்கிவிடுவது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. இங்கே தட்டு அதே இடத்தில் நிற்க, அதற்குள் கட்டங்கள் மட்டும் நெருக்கமாவது கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கட்டத்தில் வருவது சுரத்தானம் மட்டும், ராகம் அல்ல. மோகனத்தின் ஐந்து சுரத்தையும் மரிம்பா சத்தத்தில் தட்டினால் அது சீனப் பாட்டு மாதிரியும் கேட்கும், தெம்மாங்கு மாதிரியும் கேட்கும். ராகம் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் அதே தளத்தில் ஒரு வழி இருக்கிறது: ஸ்பெக்ட்ரோகிராம். மைக்கைத் தொட்டுப் பாடினால் குரல் நிறக்கோடுகளாக ஓடும். சங்கராபரணத்தில் காந்தாரத்தை (க) அசைக்காமல் நீட்டினால் நேர்கோடு, தோடி காந்தாரத்தைப் பாடினால் கோடு மேலும் கீழுமாக அலையும். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் கமகம் என்பதற்கு வரைவிலக்கணம் எழுதுவார்கள், ஆனால் அதன் உருவத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை காட்டினால் போதும்.

போட்டதைச் சேமித்தால் சோங் மேக்கர் ஒரு இணைப்பு தரும். கணக்கு இல்லாத தளம் என்பதால் அந்த இணைப்புத் தொலைந்தால் பாட்டும் தொலைந்தது. உடனே உங்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பும் காமன் கூத்தும்

கருவி என்றால் கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மலையக நாட்டார் பாடல்களை எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார்கள், அதனால் வரிகள் தப்பின. மெட்டு அச்சில் ஏறாது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் இன்றும் தெரிந்த பாட்டிமார் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள், பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒரு விடுமுறைக்கு "அம்மாயியிடம் ஒரு பாட்டுக் கேட்டுப் பதிவு செய்து வா" என்று சொல்லிப் பாருங்கள். வந்த பிறகு வகுப்பில் போட்டு, இது எந்தச் சுரங்களுக்குள் நிற்கிறது, அடி எத்தனை என்று தேடுவதே ஒரு மாதப் பாடம்.

மாசியில் காமன் கூத்து (காமன் கதையை ஆடுகிற கூத்து) நடக்கும் தோட்டம் என்றால் தப்பு என்ற தோல் வாத்தியம் அடிப்பதைப் பதிவு செய்யலாம். பக்கத்தில் போய் நின்று போனை நீட்டினால் பதிவு உடைந்து கரகரவென்றுதான் இருக்கும், ஏனென்றால் போன் மைக் தாங்குகிற அளவைத் தாண்டிய சத்தம் அது. உடைந்த பதிவைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி, போனைத் தப்புக்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். அரை நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பதிவை ஆராய ஓடாசிட்டி என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம், கணினியில் ஓடுவது, இணையம் தேவையில்லை, பழைய மடிக்கணினி போதும். பதிவைத் திறந்தால் ஒவ்வோர் அடியும் ஒரு முள்ளாகத் தெரியும். டெம்போவை மட்டும் குறைக்கிற வசதியில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி மாறாமல் மெதுவாக ஓடும், கைமாற்றி அடிக்கிற இடங்களை அப்போது எண்ணலாம். யூடியூபிலும் வேகத்தை 0.75 ஆக்கலாம். சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) வேகமாகப் போகிற கீர்த்தனைகளைக் கேட்கும்போது இது கை கொடுக்கும்.

சேர்ந்து பாடுவது மட்டும் நடக்காது

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சூமில் சங்கீத வகுப்பு நடத்த முயன்றவர்களுக்கு இது தெரியும்: "எல்லாரும் சேர்ந்து பாடுங்க" என்றதும் எதிர் மலையில் மோதித் திரும்புகிற சத்தம் மாதிரி ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து விழும். இணைப்பு மெதுவாக இருப்பதால் மட்டும் வருவதில்லை இது. குரல் ஒரு போனிலிருந்து கிளம்பி இன்னொரு போனுக்கு வந்து சேர எப்போதும் கொஞ்சம் நேரம் எடுக்கும். பேசும்போது அது தெரியாது. சேர்ந்து பாடும்போது ஏறத்தாழ 30 மில்லி விநாடி பிந்தினாலே தாளம் இழுபடத் தொடங்கும். காற்றில் சத்தம் பத்து மீற்றர் போக எடுக்கிற நேரம் அது. சாதாரண சூம் அழைப்பில் பிந்துவது இதைவிடப் பல மடங்கு.

அதனால் இணையத்தில் ஒருவர் பாட மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுத் தங்கள் வீட்டில் கூடப் பாடட்டும். இன்னொரு சிக்கல், தம்புரா ஆப்பை ஓடவிட்டுப் பாடினால் எதிர்ப்பக்கத்தில் தம்புரா விட்டு விட்டுக் கேட்கும் அல்லது கேட்கவே கேட்காது. மாறாமல் ஓடுகிற சத்தத்தைச் சூம் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. ஒலி செட்டிங்கில் ஒரிஜினல் சவுண்ட் என்பதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டேட்டாவும் அனுமதியும்

பதிவுகளை அனுப்பும்போது கோப்பின் வகையைப் பாருங்கள். அழுத்தாத வேவ் கோப்பு, சிடி தரத்தில் ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல் போகும். அதையே சாதாரண 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் ஏறத்தாழ 1 எம்பி. பிள்ளைகளுக்கு அனுப்ப எம்பி3 தாராளம், காமன் கூத்து மாதிரிக் காத்து வைக்க வேண்டியவற்றை மட்டும் வேவில் வையுங்கள். பாடத்திட்டத்துக்கான ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பிடிஎஃப் ஆகவே இருக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் உண்டு. நகரத்துக்குப் போகிற நாளில் மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் சிக்னலைத் தேடி வாசலுக்கு ஓட வேண்டியதில்லை.

பிள்ளைகள் பாடுகிற வீடியோவைப் பெற்றோரைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் எல்லாரும் போடுகிறோம், ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகமும் பாடசாலைப் பெயரும் சேர்ந்து ஊர் முழுக்கப் போகிறது, பிறகு திரும்ப எடுக்க முடியாது. குரல் மட்டும் என்றாலும் கேட்டுவிட்டே போடுங்கள். பாட்டி பாடிய ஒப்பாரி என்றால் இரண்டு தடவை கேளுங்கள், யாருடைய சாவுக்குப் பாடியதோ அந்த வீட்டாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.